கடற்பிரயாணமும் உடற்சோதனையும்

நம் கல்லூரித் தாயின் மடியிற் கல்வி பயின்று வெளியேறிய மாணவர்கள் இன்று கடல் கடந்த பல தேசங்களிலும் பரந்து வாழ்கின்றனர். தம்மை வளர்த்து ஆளாக்கிய பெற்றோரையும் தமையன்மாரையும் அழைத்துச் சென்று, தாம் கண்ட உலகினை அவர்களுக்கும் காட்ட அவர்கள் விரும்புதல் இயல்பே. அவ்விருப்பம் அண்மைக் காலத்தில் ஒரு புது வழியிற் செல்கின்றது. முன்னர் விமானத்தில் அழைத்துத் தம் வீட்டில் வைத்து உபசரித்தவர்கள், இப்போது உல்லாசக் கப்பலில் ஏற்றிப் பத்து நாள், பதினைந்து நாள் கடலிற் சுற்றிக் காட்டுகின்றனர். குளக்கட்டில் நின்று நீர்ப்பரப்பை நோக்கிப் பழகிய ஓமந்தைக் கமக்காரர் ஒருவர், அலாஸ்காவின் பனிமலைகளைக் கப்பலின் மேற்றளத்தில் நின்று நோக்குங் காலம் வந்துள்ளது. இது மகிழத்தக்கதே.

ஆயினும், கப்பலேறுமுன் செய்யவேண்டிய வைத்திய சோதனைகள் பற்றி நம்மவரிடையே போதிய தெளிவு இல்லை. சிலர் அவற்றை வீண்செலவு என்று கருதுகின்றனர். சிலர் பயணந் தடைப்பட்டுவிடும் என்று அஞ்சி, உள்ள நோயை மறைத்துவிட்டுப் புறப்படுகின்றனர். ஆகவே, இச்சோதனைகள் எவ்வாறு தோன்றின, எதற்காகச் செய்யப்படுகின்றன, இன்று நாம் செய்துகொள்ள வேண்டியவை எவை என்பனவற்றை இவ்விழா மலரிற் சுருக்கமாக ஆராய எண்ணினோம்.

ஓமந்தையிற் சோதனை என்னுஞ் சொல்

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியவர், கல்லூரியில் நமக்குச் சில ஆண்டுகள் முன்னே படித்த ஒரு பெரியவர். ஓமந்தைக்கு அண்மையில் உள்ள ஒரு கிராமத்தில் நெல்விளைத்து வாழ்பவர். கனடாவில் இருக்கும் மக்கள் அவருக்கும் மனைவியாருக்குங் கப்பற் சுற்றுலா ஒன்றை ஒழுங்கு செய்திருந்தனர். பிரயாணக் காப்புறுதிக்காக வைத்தியரின் கடிதமும் இரத்தப் பரிசோதனைகளும் வேண்டியிருந்தன. “அண்ணை, வவுனியாவுக்கு ஒருநாள் போய்ச் சோதனைகளைச் செய்துகொண்டு வருவோம்” என்று நாம் அழைத்தபோது, அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “தம்பி, ஓமந்தையிலை பிறந்தவனுக்கு இன்னும் என்ன சோதனை?” என்றார்.

அவர் கூறியதன் பொருளை இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. பிற தேசங்களில் வளரும் இளையோருக்காக ஓரிரு சொற் கூறுவோம். கண்டி வீதியில், வவுனியாவுக்கு வடக்கே, எட்டு மைல் அளவில் உள்ளது ஓமந்தை. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னர் வடக்குந் தெற்கும் போய்வந்தோர் யாவரும் இறங்கி, வரிசையில் நின்று, பொதிகளை அவிழ்த்துக் காட்டிச் சென்ற இடம் அது. 2009 இல் வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து வெளியேறிய மக்களிற் பெருந்தொகையினர் அங்கே சோதிக்கப்பட்டுப் பதியப்பட்டே செட்டிகுளத்து முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அச்சாவடி இன்று இல்லை. புகையிரதம் ஓமந்தை நிலையத்தைக் கடந்து யாழ்ப்பாணம் வரை ஓடுகின்றது. எனினும் சோதனை என்னுஞ் சொல், அவ்வழி நின்றவர் நெஞ்சில் வேறொரு பொருளையே தருகின்றது. அதனை அறியாது அவரை அழைத்தது நமது பிழையே.

ஆனால் அவர் வினாவில் ஓர் உண்மையும் இருந்தது. மனிதரைச் சோதிப்பதில் நல்ல முறையும் உண்டு, தீய முறையும் உண்டு. கப்பற்பிரயாணிகளைச் சோதித்த வரலாறே இதற்குச் சான்றாகும்.

நாற்பது நாட் காவல்

ஐரோப்பாவைக் கொள்ளைநோய் பாழாக்கிய பதினான்காம் நூற்றாண்டில், ஏட்ரியாட்டிக் கடலோரத்து இரகூசா நகரத்தார் 1377 இல் ஒரு சட்டஞ் செய்தனர். இன்று துப்ரோவ்னிக் எனப்படும் அந்நகருக்கு, நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே உள்ளே வரலாம் என்பது அச்சட்டம். பின்னர் அக்காலம் நாற்பது நாளாக நீண்டது. வெனிசு நகரத்தார் மொழியில் நாற்பதைக் குறித்த சொல்லே இன்று தொற்றுக்காவலைக் குறிக்கும் உலகப் பொதுச்சொல்லாயிற்று. கிருமி என்பதை அறியாத காலத்திலும், நோய் வெளிப்படுவதற்கு ஒரு காலம் வேண்டும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். உடலுட் புகுந்த நோய் உடனே முகத்திற் றோன்றுவதில்லை என்னும் இவ்வுண்மையே இன்றைய சோதனைகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

நம் நாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக அனுராதபுரம், தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் அம்மையும் வழிநெடுக அவர்களை வாட்டின, இறந்தோர் பலர். 1897 ஆம் ஆண்டிலே தொற்றுக்காவலும் நோய்த்தடுப்பும் பற்றிய கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. நூறாண்டு கடந்தும் அச்சட்டம் நூலிலிருந்து நீங்கவில்லை. 2020 இற் கோவிட் நோய் பரவியபோது அரசினர் கையாண்டதும் அதனையே.

1914 இற் பாம்பன் பாலந் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிற்று. அதன் பின்னர், இலங்கை அரசாங்கத்தினர் இந்தியக் கரையிலேயே, மண்டபத்தில், ஒரு தொற்றுக்காவல் முகாமை நடாத்தினர். தோட்டங்களுக்குச் செல்லுந் தொழிலாளர்கள் அங்கே பல நாட் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. உடைகள் நோய்நீக்கஞ் செய்யப்பட்டன. கொழுக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. மேல்வகுப்பிற் பயணஞ் செய்த கனவான்களுக்கோ அத்தகைய முகாம்வாசம் இருக்கவில்லை.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. மண்டபம் முகாமினால் நன்மை விளையவில்லை என்று கூற நாம் துணியோம். காட்டு வழியிற் பிணமாய் வீழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டால், அங்கே உணவும் மருந்துங் கிடைத்தன. ஆயினும், கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை. முகாமின் விதி வகுப்புப் பார்த்தது. எதற்காகத் தடுத்து வைக்கப்பட்டோம் என்பதையோ, சோதனையின் முடிவு யாது என்பதையோ தொழிலாளிக்கு எடுத்துரைப்பது அங்கே எவருடைய கடமையுமன்று. அவரது உடல் தோட்டத்துக்குத் தகுதியானதா என்பதே வினா. மனிதரைப் பொதிபோற் சோதித்தல் என்பது இதுவே.

1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வாண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டோர் தங்கியதும், 1983 இன் பின்னர் நம் மக்கள் அகதிகளாய்ச் சென்று தங்கியதும் அதே மண்டபம் முகாமிலேயே. இம்மலரை வாசிப்போருள் அம்முகாமிற் குழந்தைப்பருவங் கழித்தவர்களும் இருக்கலாம்.

கப்பல் ஏன் வேறுபட்டது?

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அவரை ஓர் அறையில் வைத்து, வவுனியாப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம். கப்பலில் அஃது இயலாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உணவுச்சாலையில் உண்டு, ஒரே கைப்பிடியைப் பற்றிப் படியேறி, மூடிய மண்டபங்களில் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றனர். வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் உண்டாக்கும் நொரோ வைரசு, கப்பல்களில் அடிக்கடி பரவுவது இதனாலேயே. கப்பலில் வைத்தியர் உண்டு. சிறு வைத்தியசாலையும் உண்டு. ஆனால் பெரிய சத்திரசிகிச்சைக்கோ, நாட்கணக்கான தீவிர சிகிச்சைக்கோ அங்கே வசதி இல்லை. அடுத்த துறைமுகம் இரண்டு நாட் பயணத்தில் இருக்கலாம். ஹெலிகொப்ரரில் நோயாளியை எடுத்துச் செல்ல நேரின், அச்செலவு ஒரு குடும்பத்தின் காணியை விற்றாலும் அடையாததாகலாம்.

2020 தை மாதத்தில் “டயமண்ட் பிரின்சஸ்” என்னும் உல்லாசக் கப்பலிற் பயணஞ் செய்த ஒருவர் ஹொங்கொங்கில் இறங்கினார். அவருக்குக் கோவிட் நோய் உள்ளமை பின்னர் அறியப்பட்டது. மாசித் தொடக்கத்தில் யப்பானின் யோக்கோகாமாத் துறையில் அக்கப்பல் தடுத்து வைக்கப்பட்டபோது அதில் இருந்தோர் 3,711 பேர். அவர்களுள் 712 பேருக்கு நோய் தொற்றியமை சோதனையிற் புலப்பட்டது. சோதனைக்குட்பட்ட வேளையில் நோய்க்குறி எதுவும் இல்லாதிருந்தோர் அவர்களுட் பலர். பிரயாணிகள் தத்தம் அறைகளில் அடைபட்டிருக்க, கப்பற் பணியாளர்களோ உணவு சமைத்தும் பரிமாறியும் தொடர்ந்து வேலை செய்தனர். நெருக்கமான இடங்களில் ஒன்றாகத் துயின்றனர். மண்டபத்திற் கண்ட வகுப்பு வேற்றுமை, நூறாண்டின் பின்னர் வேறுருவில் மீண்டுந் தோன்றியது.

அதன் விளைவாக, கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய 2021 ஆம் ஆண்டில், ஏறுமுன் கோவிட் சோதனையும் தடுப்பூசிச் சான்றும் கட்டாயமாக்கப்பட்டன. 2022 இன் பிற்பகுதி முதல் அவ்விதி பெரும்பாலான பாதைகளிற் படிப்படியாக நீக்கப்பட்டது. ஆகவே, முன்னொரு முறை சென்றவர் சொன்னதை நம்பி இருந்துவிடாது, சீட்டுப் பதியும்போதும் புறப்படுமுன்னும் கப்பற் கம்பனியின் அவ்வக்கால விதியைக் கேட்டறிதல் வேண்டும்.

செய்துகொள்ள வேண்டியவை

இவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, நாடுகளின் சட்டங் கோருவது. இவற்றுள் முக்கியமானது மஞ்சட்காய்ச்சற் றடுப்பூசிச் சான்றிதழ். ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அந்நோய் வழங்கும் நாடுகளின் துறைமுகங்களைத் தொட்டு வருவோரிடம் பல நாடுகள் அதனைக் கேட்கும், இலங்கையுங் கேட்கும். ஊசி ஏற்றிப் பத்து நாட் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஆடி மாதந் தொடக்கம் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். இஃது உயிருள்ள, வலுக்குறைத்த வைரசினாலாகிய ஊசியாதலின், அறுபது வயதைக் கடந்தோரும், கருவுற்றோரும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும் வைத்தியரைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வூசி ஏற்றப்படுகின்றது. ஓமந்தையிலிருந்து அங்கு சென்றுவர ஒருநாள் முழுதுஞ் செல்லுமாதலால், கடைசி வாரம் வரை காத்திருத்தல் கூடாது. அம்மைநோய் உலகினின்றும் ஒழிந்ததென 1980 இல் அறிவிக்கப்பட்டமையால், முதியோர் பலர் தம் இளமையிற் பெற்ற அம்மைப்பாற் சான்றிதழ் இக்காலத்துக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது, கப்பற் கம்பனியும் காப்புறுதிக் கம்பனியுங் கோருபவை. பிரயாணத்திற் கர்ப்பம் இருபத்துநான்காம் வாரத்தை எட்டும் பெண்களைக் கம்பனிகள் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. இரத்தச் சுத்திகரிப்புச் செய்வோர், ஒட்சிசன் தேவைப்படுவோர், சக்கர நாற்காலியிற் செல்வோர் முற்கூட்டியே அறிவித்தல் வேண்டும். காப்புறுதிப் படிவத்தில் உள்ள நோயை மறைத்து எழுதுவோர், பின்னர் நோய் முற்றும்போது ஒரு சதமும் பெறாது போகலாம். மறைத்தல் அறத்துக்கும் மாறு, கணக்குக்கும் மாறு.

மூன்றாவது, நம் நன்மைக்காக நாமே செய்துகொள்பவை. எவருங் கோராவிடினும் இவையே தலையாயன. இரத்த அழுத்தம், இரத்தத்திற் சீனியின் அளவு, இருதய மின்வரைபு, குருதிச்சோகை என்பன முதியோர் யாவருக்கும் பொது. வன்னி மக்களுக்கு இன்னுமொன்று இன்றியமையாதது: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் சோதனை. காரணந் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த வவுனியா மாவட்டத்திலும் கமக்காரரையே பெரிதும் பற்றுகின்றது. தொடக்கத்தில் அதற்கு நோவுமில்லை, வீக்கமுமில்லை. கடலிலே தலைசுற்றி வாந்தியெடுத்து உடலின் நீர் வற்றும்போதும், முழங்கால் நோவுக்கென்று நோக்கொல்லி மாத்திரைகளை விழுங்கும்போதும், ஏற்கெனவே பழுதுற்ற சிறுநீரகம் திடீரென ஓயலாம். வெளிப்புறம் பச்சைப்புல் மூடிய குளக்கட்டில் உள்ளே எலிவளை இருப்பதைப் போன்றது அது. மாரி வருமுன் கட்டைச் சுற்றி நடந்து பார்க்கும் கமக்காரருக்கு, கடலேறுமுன் உடலைப் பார்ப்பதன் அவசியத்தை நாம் கூறவும் வேண்டுமோ?

கடற்றலைச்சுற்றலுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் சில மயக்கந் தரும். புரொஸ்டேற் சுரப்பி வீங்கிய முதியவர்க்குச் சிறுநீரைத் தடுக்கும். எனவே அவற்றையும் வைத்தியரைக் கேட்டே கொள்ளுதல் நன்று. அன்றாட மருந்துகளைப் பெரும் பெட்டியில் வையாது கைப்பையில் வைத்து, சில நாட்களுக்கு மேலதிகமாகவும் எடுத்துச் செல்க. மருந்துகளின் பொதுப்பெயரும் அளவும் எழுதிய வைத்தியர் கடிதம் உடனிருத்தல் வேண்டும். இச்சோதனைகளை எல்லாம் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்கினால், கண்ட குறையைத் திருத்தவுங் காலம் இருக்கும்.

கப்பற்றொழிலை நாடும் மாணவர்க்கும் ஒரு சொல். 2006 ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கைப்படி, கப்பலிற் பணிசெய்வோர் வைத்தியச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். அஃது ஆகக்கூடியது இரண்டாண்டு செல்லும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு ஓராண்டு. செவிப்புலனும், கட்பார்வையும், நிறம் பிரித்தறியும் ஆற்றலும் சோதிக்கப்படும். நிறப்பார்வைக் குறையுடையவர் சில கடமைகளுக்குத் தகுதி பெறார். பெரும்பணம் கட்டிப் பயிற்சியிற் சேர்ந்த பின்னர் அதனை அறிந்து வருந்துவதிலும், சேருமுன் சோதித்தறிவதே அறிவுடைமை.

திரும்பியபின் ஒரு சோதனை

பிரயாணம் முடிந்தவுடன் நம் கடமை முடிவதில்லை. மலேரியாவினால் வன்னி பட்ட துன்பம் நம் பாட்டனார் காலத்துக் கதையன்று. பலர் கண்ணாற் கண்டது. 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் காணப்பட்டது. நோய் ஒழிந்ததென்று காவல் தளர்ந்தது; 1969 இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் வருந்தினர். பின்னர் நெடுங்காலம் உழைத்து, 2012 ஐப்பசியோடு உள்நாட்டுத் தொற்று நின்று, 2016 புரட்டாதியில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் நம்மிடையே உண்டு. இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ இறங்கித் தங்கி வந்த ஒருவர் இரத்தத்தில் அக்கிருமியோடு ஊர் திரும்பினால், நுளம்பு மீதியைச் செய்யும். ஆதலின் அந்நாடுகளுக்குச் செல்லுமுன் மலேரியாத் தடை இயக்கத்தினரிடம் இலவசமாகக் கிடைக்குந் தடுப்பு மாத்திரைகளைப் பெறுதலும், திரும்பிய ஓராண்டுக்குட் காய்ச்சல் கண்டால் பயணத்தைச் சொல்லி இரத்தஞ் சோதிப்பித்தலும் கடமையாகும்.

நற்சோதனையின் இலக்கணம்

இதுகாறும் கூறியவற்றால், நல்ல சோதனைக்கு நான்கு இலக்கணம் உண்டெனக் கொள்ளலாம். அஃது எல்லார்க்கும் ஒரே தன்மையதாய் இருத்தல் வேண்டும்; அதன் காரணஞ் சோதிக்கப்படுவோர்க்கு விளக்கப்படுதல் வேண்டும்; அதன் முடிவு அவர் கையிற் கொடுக்கப்படுதல் வேண்டும்; குறை கண்டவிடத்து, தள்ளிவிடாது சிகிச்சையும் அளித்தல் வேண்டும். இந்நான்கும் உள்ள சோதனைக்கு அஞ்சுதல் பேதைமை. இந்நான்கும் இல்லாத சோதனையை வெறுத்தல் மனித இயல்பு.

இவற்றையே நாம் அப்பெரியவருக்கு எடுத்துரைத்தோம். “முடிவை உங்கள் கையிலேயே தருவார்கள், அண்ணை, விரும்பாவிட்டால் எவருக்குங் காட்ட வேண்டியதில்லை” என்றபோது, அவர் முகம் சிறிது தெளிந்தது. மறுவாரம் வவுனியாவுக்கு உடன் வந்தார். இருதயமுஞ் சீனியும் நன்றாகவே இருந்தன. கிரியற்றினின் அளவோ இருக்கவேண்டியதிலும் உயர்ந்திருந்தது. அவர் ஆண்டுக்கணக்காக முழங்காலுக்கு விழுங்கிவந்த மாத்திரையை வைத்தியர் அன்றே நிறுத்தினார். பனிமலைப் பயணத்தையும் தள்ளிவைக்கும்படி கூறினார். மக்களுக்கு மனவருத்தமே. பெரியவர் மாத்திரம், “இதை அறியாமற் போயிருந்தால் நடுக்கடலிலை என்ன செய்திருப்பேன்?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

2023 ஐப்பசியில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பற் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆவணியில் மீண்டும் நடைபெறலாயிற்று. சில மணி நேரக் கடல் அது. சிகிச்சையால் உடல் சீரடைந்த பின்னர், வைத்தியரின் சம்மதத்துடன், அவரும் மனைவியாரும் நம்மோடு அக்கப்பலிற் சென்று, சிதம்பர தரிசனஞ் செய்து நலமே மீண்டனர். புறப்படுமுன் தம் சோதனைத் தாள்களை ஓர் உறையிலிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். துறைமுகத்தில் அதனை எவருங் கேட்கவில்லை. எனினும் வழிநெடுக அதனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பழைய மாணவர்களே, பெற்றோரைக் கப்பலேற்ற விரும்பும் அன்பு உங்களிடம் உண்டு. சீட்டை வாங்குமுன் அவர்களைச் சோதனைக்கு அனுப்புங்கள். இயலுமாயின் ஒருவர் உடன் செல்லுங்கள். தனியே வரிசையில் நின்று களைத்தவர்கள் அவர்கள்.